நாலாம் இடம்

இரண்டு நாள் பயிற்சிக்குப் போய் வந்தவனிடம் யாரும் சிக்கக் கூடாது. இருபது வருஷம் படித்தவர்கூட யோசித்துத்தான் வாயைத் திறப்பார். இரண்டு நாள்காரனுக்கு அந்தத் தயக்கமெல்லாம் கிடையாது. நான் இரண்டு நாள்காரனாக இருந்த சமயத்தில் பெண் பார்க்கப் போனேன்.

பயிற்சி நடந்தது மாமல்லபுரம் கடற்கரையில், ஆபீஸ் செலவில். (வஞ்சிர வறுவல் நன்றாக இருந்தது.) அங்கே சொல்லிக் கொடுத்ததன் சாரம் இதுதான். மனசு வேலை செய்யப் புலன், உள்ளுணர்வு, சிந்தனை, உணர்வு என்று நாலு வழிகள் உண்டு. ஒவ்வொன்றும் உள்நோக்கியும் போகலாம், வெளிநோக்கியும் போகலாம். ஒவ்வொருவரிடமும் இவை ஒரு வரிசையில் நிற்கும். முதல் இடத்தில் இருப்பது சின்ன வயசிலேயே ஓங்கி வளர்ந்துவிடும். இரண்டாவது வாலிபத்தில் வளரும், மூன்றாவது அதற்கப்புறம். நாலாம் இடத்தில் இருப்பது முதலாவதற்கு நேர் எதிரானது, சவலைப்பிள்ளை. நாற்பது வயசுவாக்கில்தான் எழுந்து நடக்கும்.

கடைசியில் ஒரு சோதனை வைத்தார்கள். அடுத்தவர் மனசைப் பார்த்த மாத்திரத்தில் படித்துவிடும் வகை என்று எனக்கு முடிவு வந்தது. உலகத்திலேயே அபூர்வமான வகையாம். பயிற்சிக்கு வந்தவர்களில் பாதிப் பேருக்கு அதே அபூர்வம்தான் வந்திருந்தது. அதைப் பற்றி நான் யோசிக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை செங்கல்பட்டிலிருந்து வாடகைக் காரில் திருக்கழுக்குன்றம் கிளம்பினோம். அதற்கு முன் பார்த்த வரன்களெல்லாம் தட்டிப்போய், அம்மா வேண்டாத தெய்வம் பாக்கியில்லை. ஊர் நெருங்கியதும் அப்பா மலையைக் காட்டி, அங்கே தினமும் கழுகு வந்து பொங்கல் சாப்பிடும், இப்போதெல்லாம் வருவதில்லை என்றார். நல்ல காரியத்துக்குப் போகும்போது வராததைப் பற்றிப் பேச வேண்டாம் என்று அம்மா அடக்கினாள்.

பெண் பெயர் ரேவதி, கணக்கு டீச்சர். கூடத்துக்கு வந்தவள், அப்பா முகத்தில் வெயில் அடிப்பதைப் பார்த்து, யாரும் கேட்காமலே ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. இந்த இடமும் தட்டிப்போகக் கூடாது என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். வேண்டிக்கொண்டவன் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"தனியா ரெண்டு வார்த்த பேசிக்கட்டும்" என்று அவள் தாய்மாமன் எங்களைப் பக்கத்து அறைக்கு அனுப்பினார். (திருப்போரூர்ப் பக்கம் மனை விற்பவர். கதவைத் திறந்தே வைத்தார்.) மற்றவர்கள் இந்த இடத்தில் சமைக்கத் தெரியுமா, என்ன படம் பிடிக்கும் என்று கேட்பார்கள். நான், வீட்டில் யாராவது அழுதால் முதலில் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

அவள் கொஞ்சம் யோசித்து, "ஏன் அழறாங்கன்னு கேப்பேன்" என்றாள்.

எனக்கு அது போதுமானதாக இருந்தது. காரணம் தேடுகிறாள். ஆகவே முதல் இடத்தில் சிந்தனை. ஆகவே நாலாம் இடத்தில், அடுத்தவர் உணர்வை அறிவது.

"உங்களுக்கு நாலாம் இடம் ரொம்ப பலவீனமா இருக்கு" என்றேன்.

வாசலில் காபித் தட்டோடு அவள் அம்மா நின்றிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். ஜாதகத்தில் நாலாம் இடம் தாய் ஸ்தானம். அது கெட்டால் பெற்றவளுக்கு ஆகாது என்பார்கள். இது அந்த அறையில் எனக்கு மட்டும் தெரியாது.

"எப்ப சரியாகும் தம்பி?" என்று அந்த அம்மா மெல்லக் கேட்டார்.

"நாப்பது வயசுக்கு மேல தானா சரியாயிடும். சிலருக்குக் கடைசிவரைக்கும் சரியாகாது." ஆர்வமாகக் கேட்கிறார் என்று நினைத்து, பயிற்சியில் கேட்ட மிச்சத்தையும் சொன்னேன். "வீட்ல ஒரு கஷ்டம்னு வந்தா முதல்ல அடிவாங்கறது அதுதான்."

அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். நான் ரேவதியைப் பார்த்து, "ஏன் அழறாங்க?" என்று கேட்டேன்.

அவள் என்னைத் தாண்டிப் போனாள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து தோளை அணைத்துக்கொண்டாள்.

சத்தம் கேட்டு மாமன் வந்தார். விஷயம் தெரிந்ததும் அவருக்கு என்மேல் மரியாதை வந்துவிட்டது. "மூஞ்சியப் பாத்தே சொல்லிட்டாரா? எனக்கு இன்னா கீதுன்னு பாருங்க தம்பி, ஒரு மனையும் நவுர மாட்டேங்குது" என்று கையை நீட்டினார். நான் பதறிப்போய், இது ஜோசியம் இல்லை, மனசு சம்பந்தப்பட்ட விஷயம் என்று எல்லோருக்கும் கேட்கும்படி விளக்கினேன்.

"எம்பொண்ணுக்கு மனசு சரியில்லன்னு சொல்றீங்களா?" என்று கூடத்தில் அவள் அப்பா எழுந்துவிட்டார்.

அதற்கப்புறம் கேசரி வரவில்லை. செங்கல்பட்டு வரும்வரை அம்மா, வேண்டிய தெய்வங்களிடமெல்லாம் என்னைப் பற்றி முறையிட்டாள். நுணலாவது மழைக்காலத்தில்தான் வாயால் கெடும், இது எல்லாக் காலத்திலும் கெடுகிறது என்று அப்பா டிரைவரிடம் சொல்லிக்கொண்டு வந்தார்.

இரண்டு நாள் கழித்து ஒரு புது நம்பரிலிருந்து ரேவதி கூப்பிட்டாள். நான் சொன்னதையெல்லாம் தேடிப் படித்தாளாம்.

"எல்லாம் சரியாத்தான் சொன்னீங்க. ஆனா அது நான் இல்ல, நீங்க" என்றாள். "அம்மா அழுதப்ப யாரு காரணம் கேட்டது?"

வெட்கத்தில் காது சுட்டது. வாதாட ஏதாவது கிடைக்குமா என்று தேடிப் பார்த்தேன். (சிந்தனைதான் முதல் இடம்.) ஒன்றும் கிடைக்கவில்லை. "ஆமா" என்றேன்.

அந்த ஒரு 'ஆமா'வுக்காகத்தான் சம்மதித்தேன் என்று இப்போதும் சொல்வாள். நாலாம் இடம் கெட்டிருப்பது தனக்கில்லை, மாப்பிள்ளைக்குத்தான் என்று அவள் எடுத்துச் சொன்னதும் அவள் அம்மாவுக்கு உயிர் வந்தது. கல்யாணம் நடந்தது. ஆனால் பையனுக்கு நாலாம் இடம் கெட்டால் பயப்பட வேண்டியது யார்? அன்றிலிருந்து ஒரு தும்மல் வந்தாலும் என் அம்மா என்னைத்தான் முறைப்பாள்.

போன மாதம் எனக்கு நாற்பது முடிந்தது. கேக் வெட்டியதும் அம்மா, "கண்டம் தாண்டிட்டேன்டா" என்று புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏம்மா அழறே?" என்றேன்.

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ரேவதி என் அம்மாவுக்கு ஒரு துண்டு கேக் ஊட்டிவிட்டு, "இவரோட நாலாம் இடமும் எங்க ஊர்க் கழுகு மாதிரிதான் அத்தை. வரும் வரும்னுதான் சொல்லுவாங்க" என்றாள்.