நீல மீனுக்குத் தனி வாளி

"இத இப்பவே தொட்டியில விடு!"

முதலாளி ஃபுங் பிளாஸ்டிக் பையை வரவேற்பு மேசையில் தொப்பென்று வைத்தார். உள்ளே ஒரு நீல மீன், உடம்பெல்லாம் உப்பைத் தூவினாற்போல வெள்ளைப் புள்ளி. சுக்ஹானுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வரவேற்பு வேலையோடு, வாசலைப் பார்த்து வைத்த கடல்மீன் தொட்டியும் அவள் பொறுப்பு. உள்ளே எட்டு மீன்கள். எட்டும் அவள் கை நிழல் பட்டாலே ஓடி வரும்.

"முதலாளி, இதுக்குச் சீக்கு. விட்டா மத்த எட்டும் போயிடும். ஒரு மாசம் தனியா வெச்சு மருந்து போட்டுட்டு விடறேன்."

"தொட்டி என்னுது, மீன் என்னுது. விடுன்னா விடு!"

"சரிங்க" என்றவள், அவர் தலை மறைந்ததும் மீனை வாளியில் போட்டுத் தேநீர் அறைக்குக் கொண்டுபோனாள். மொங்காக் வட்டாரத்தில் தெரு முழுக்க மீன் கடை. நல்ல மீன் ஒன்றுகூடவா இந்த மனிதர் கண்ணில் படாது?

தேநீர் போடும் வான் அக்கா சீறினாள். "எடுடி அத! உன் மருந்துத் தண்ணி பால் டீயில விழுந்தா யாரு பதில் சொல்றது?"

ஹாங்காங்கில் ஒரு வாளி வைக்க இடம் கிடைப்பது லேசில்லை. பெண்கள் கழிப்பறைக்குக் கொண்டுபோனாள். மீன் மூச்சுவிட வாளியில் போட்டிருந்த காற்றுக் குழாய் அங்கே கொரகொரவென்றது.

"பக்கத்துல யாரோ மூச்சு விடறாங்க. நாங்க எப்படி உக்கார்றது?" என்று கணக்குப் பிரிவுப் பெண்கள் சண்டைக்கு வந்தார்கள்.

மறுநாள் முதலாளி தொட்டி முன்னால் நின்றார். "புதுசு எங்க?"

"பாறைக்குப் பின்னால ஒளிஞ்சிருக்கு முதலாளி."

"மத்ததெல்லாம்?"

"ஜம்முனு இருக்கு!"

அவர் முகம் கறுத்தது. மாலையில் இன்னொரு மீன் வந்தது. இதற்குக் கண் வீங்கி, துடுப்பு கிழிந்திருந்தது. கொலைகாரப் பாவி என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே சுக்ஹான் இன்னொரு வாளி வாங்கினாள். வேறு இடமில்லாமல் இரண்டையும் முதலாளி அறைக்கு வெளியே, பூந்தொட்டிகளுக்குப் பின்னால் மறைத்தாள்.

வாளித் தண்ணீர் ததும்பிச் சிந்தியது. முதலாளி வழுக்கி விழுந்தார். கை முறிந்தது. விழுந்த இடத்திலிருந்தே இரண்டு வாளிகளையும் பார்த்துவிட்டார்.

"ரெண்டும் உயிரோட இருக்கா? போடி வெளியே! உனக்கு வேலை கிடையாது!"

தூக்குப் படுக்கையில் கொண்டுபோகும்போதும் கத்திக்கொண்டேதான் போனார்.

சுக்ஹான் ஆத்திரத்தோடு பையை மாட்டினாள். "பாத்தீங்களா அக்கா? ஒரு மீன்கூடச் சாகாம காப்பாத்தினேன். அதுக்கு இந்தக் கூலியா?"

வான் அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

"அடிப் பாவி, தொட்டியில மீன் செத்தாத்தான் தன் கண்டம் அதோட போகும்னு வாஸ்துக்காரர் சொன்னதாலதான்டி, அந்த மனுஷன் கடை கடையா ஏறிச் சீக்கு மீனாப் பாத்து வாங்கிட்டு வந்தாரு!"