பாதித் தலையோடு வந்த கனெக்சன் அண்ணை

பாதி வெட்டிய தலையோடு அலுவலகத்துக்கு வந்து, அந்தத் தலையையே ஆதாரமாகக் காட்டி வகுப்பெடுத்த பொறியியலாளர் ஒருவர் இந்த உலகத்தில் இருந்தார் என்றால் அது எங்கள் பரந்தனில்தான். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பத்திரத்தில் மட்டும் இருந்தது. சந்தி முழுக்க அவர் கனெக்சன் அண்ணை.

உரக்கடை ஒன்றின் மேல்மாடியில் இருந்தது எங்கள் மென்பொருள் அலுவலகம். ஐந்து கதிரை, ஒரு குசினி, கரண்ட் போனால் இரைகிற ஒரு ஜெனரேற்றர். பால் கூட்டுறவுச் சங்கம் ஒன்றுக்கு வேலை செய்துகொண்டிருந்தோம். ஒவ்வொரு பால் நிலையத்திலும் ஒரு கணினி. பாலை அளந்ததும் அது, தூரத்திலிருக்கும் எங்கள் மூன்று சேர்வர்களில் ஒன்றைக் கூப்பிட்டு அளவைச் சொல்ல வேண்டும். எந்தச் சேர்வரைக் கூப்பிடுவது, அது பதில் சொல்லாவிட்டால் எதனிடம் போவது, விழுந்தது திரும்ப எழும்பிவிட்டதா என்று எப்படி அறிவது, இவற்றையெல்லாம் கவனிக்கும் நிரல் அண்ணை எழுதியது. பல்கலைக்கழகம் முடித்த கையோடு அவருக்குப் பக்கத்து மேசையில் போய் அமர்ந்தவள் நான்.

நிரலுக்கு எழுதிய ஒழுங்கில்தான் அவர் வாழ்ந்தார் என்பது ஒரு கிழமைக்குள் விளங்கிவிட்டது. சந்தியில் மூன்று தேத்தண்ணிக் கடைகள். அண்ணை முறை வைத்து ஒவ்வொன்றிலும் குடிப்பார். சுமை ஒரே கடையில் ஏறக்கூடாதாம். அன்று முறை வராத கடைகளையும் சும்மா விடமாட்டார். வாசலில் சைக்கிளை நிறுத்தி, இருக்கிறீர்களா என்று கேட்டு, "ஓம்" என்ற பதில் வந்த பிறகுதான் மிதிப்பார். கனநேரம் பேசாமல் விட்டால் மற்றப் பக்கம் இணைப்பை அறுத்துவிடும் என்பது அவர் கொள்கை. கடைக்காரர் ஒருவர் என்னைத் தனியே கூப்பிட்டுக் கேட்டார்.

"பிள்ளை, எனக்கு ஏதும் வருத்தம் எண்டு ஆரும் அவருக்குச் சொன்னவையோ? ஒவ்வொரு நாளும் வந்து நான் இருக்கிறனோ எண்டு பாத்திட்டுப் போறார்."

இனித் தலை விஷயம். சலூனில் மெஷின் அரைவாசித் தூரம் போயிருந்தபோது கரண்ட் நின்றது. வேறு யாரும் என்றால் காத்திருப்பார்கள். அண்ணை போர்வையை உதறிவிட்டு எதிரே ஜெனரேற்றர் இருந்த சலூனுக்குப் போய்விட்டார். ஒன்று விழுந்தால் அடுத்ததற்குப் போவதுதானே முறை. அந்தச் சலூன்காரர் கதிரையை ஒரு சுற்றுச் சுற்றித் தலையைப் பார்த்தார்.

"மற்றவன் துவங்கின தலையிலை நான் கை வைக்கமாட்டன். எவடத்திலை என்ன அளவு விட்டவன் எண்டு எனக்கென்ன தெரியும்?"

அண்ணை கோபிக்கவில்லை. புதையல் கிடைத்தவர்போல் படிகளில் ஏறி வந்து, எங்கள் ஐந்து கதிரைகளுக்கும் நடுவில் நின்று தலையைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். எங்கள் நிரலும் அதே பிழையைத்தான் செய்துகொண்டிருந்தது. ஒரு நிலையத்தின் கணக்குப் பாதியில் சேர்வர் விழுந்தால், மீதியை அடுத்த சேர்வரிடம் கொடுத்துவிடும். முதல் பாதியை அறியாத அந்தச் சேர்வர் இருக்கிற பாதியை முழுக்கணக்கு என்று எழுதிவிடும். ஒரு மாதமாக நாங்கள் தேடிய பிழை.

"பாதியை மற்றவனிட்டைக் குடுக்காதேங்கோ. ஒண்டில் பழையவன் எழும்பும் மட்டும் பொறுக்கவேணும், இல்லாட்டிப் புதியவனிட்டை முதலிலை இருந்து சொல்லவேணும்."

தலையை எப்படி அண்ணை முதலில் இருந்து தொடங்குவது என்று நான் கேட்டேன். யோசித்தார். மறுநாள் மொட்டையோடு வந்தார்.

ஆனால் எல்லாப் பிழையும் தலைமயிரோடு போகவில்லை. கரண்ட் போய்த் திரும்பும் ஒவ்வொரு முறையும் எல்லா நிலையங்களும் ஒரே நேரத்தில் விழித்து, முதலில் பதில் சொன்ன சேர்வர்மேல் பாய்ந்தன. அது விழும். உடனே எல்லாம் அடுத்ததன்மேல் பாயும். அதுவும் விழும். பால் கான்களோடு வெயிலில் நின்றவர்கள் ஏசிய ஏச்சு மாடிவரை வந்தது. அதன் பின்னாலேயே சங்கத் தலைவியும் வந்தார். மலைநாட்டிலிருந்து வந்து ஜெயபுரத்தில் மாடு வளர்த்து நிலைத்த குடும்பம் அவருடையது. கதிரை போட்டும் இருக்கவில்லை.

"தம்பி, மாட்டுக்கிட்ட கரண்ட் வரட்டும், பொறு அப்படின்னு சொல்ல ஏலாது. இன்னொரு தடவ விழுந்தா கொழும்புக் கம்பெனிக்குக் குடுத்துருவேன். அதோட, எது நடந்தாலும் உங்களத்தான் கூப்பிட வேண்டியிருக்கு. நீங்க விழுந்தா நாங்க யாரக் கூப்பிடறது?"

சங்கம் போனால் அலுவலகம் பூட்டப்படும். என்னோடு படித்தவர்கள் எல்லாரும் கொழும்பில் அறை எடுத்துத் தங்கி, நீண்ட விடுமுறைக்கு மட்டும் பஸ் ஏறி வந்தார்கள். வீட்டில் சாப்பிட்டுவிட்டுச் சைக்கிளில் வேலைக்குப் போகும் வாழ்க்கை எனக்குத்தான் வாய்த்திருந்தது. அது இனி அந்தச் சேர்வர்களின் கையில்.

வழியை அண்ணை தன் வீடு இருந்த ஒழுங்கையில் கண்டுபிடித்தார். கரண்ட் வந்ததும் ஒழுங்கை வீடுகள் எல்லாம் ஒன்றாகத் தண்ணி மோட்டரைப் போடும். மறுபடி கரண்ட் போய்விடும். அண்ணை வீடு வீடாகப் போய், ஒவ்வொரு வீடும் வெவ்வேறு நேரம் பொறுத்துப் போடும்படி கெஞ்சினார். பக்கத்து வீட்டு அக்கா இடுப்பில் கை வைத்தபடி கேட்டார்:

"அவை எல்லாரும் இழுத்து முடியும் மட்டும் நாங்கள் வாளியோடை நிக்கிறதோ? எங்களைக் கடைசியிலை விட உங்களுக்கு ஆர் சொன்னது?"

நிரந்தரமான கடைசி யாரும் இல்லை, ஒவ்வொரு முறையும் சீட்டுக் குலுக்கித்தான் என்று அண்ணை சத்தியம் செய்தார். உண்மையாகவே சீட்டும் குலுக்கினார். அடுத்த முறை கரண்ட் வந்தது. வந்த கரண்ட் போகாமல் நிலைத்தது. அண்ணை மாடிக்கு ஓடினார். அன்றே நிரலில் எழுதினோம்: தொடர்பு அறுந்தால் ஒவ்வொரு நிலையமும் தன்பாட்டில் ஒரு சீட்டை எடுத்து, அந்தளவு நேரம் பொறுத்துக் கூப்பிடும். பதில் இல்லாவிட்டால் இன்னும் கூடப் பொறுக்கும்.

புது நிரலைப் பரீட்சித்த நாளில் சங்கத் தலைவி எனக்குப் பக்கத்தில் இருந்தார். அண்ணை தன் போனை நிறுத்தி மேசையில் வைத்துவிட்டுச் சைக்கிள் பூட்டின் திறப்பை எடுத்தார்.

"என்னைச் செத்த சேர்வர் எண்டு நினையும் பிள்ளை."

"உங்களைக் கூப்பிடவேண்டி வந்தால் என்ன அண்ணை செய்யிறது?"

"பதில் வராது," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

எல்லா நிலையங்களிலும் மின்சாரத்தை நிறுத்தித் திரும்பப் போடச் சொன்னோம். கலியாண வீட்டுக்கு ஆட்கள் வருவதுபோல் நிலையங்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. நடுவில் ஒரு சேர்வர் உயிரோடு இருப்பதாகச் சொல்லிக்கொண்டே ஒரு நிலையத்தின் கணக்கையும் வாங்காமல் நின்றது. என் கை தானாக அண்ணையின் போனுக்குப் போய், வெறும் திரையைக் கண்டு திரும்பியது. அந்தச் சேர்வரை நானே பட்டியலில் இருந்து எடுத்தேன். அதன் சுமை மற்ற இரண்டுக்கும் பிரிந்தது. ஜெயபுரத்துப் பால் உட்படக் கணக்கு முழுதும் சரியாக வந்தது.

தலைவி எழுந்து சேலையைச் சரிசெய்தார். "இனிமே உன்னையத்தான் கூப்பிடுவேன் பாப்பா," என்றார்.

அதன் பிறகு அண்ணை புது வேலை எதையும் கையில் எடுக்கவில்லை. இருந்ததை ஒவ்வொன்றாக முடித்தார். முடித்ததை எங்களில் ஒருவரை இருத்தி, ஏன் அப்படி எழுதினார் என்று சொல்லி ஒப்படைத்தார். ஒரு சேர்வரை நோகாமல் விலக்குவதும் இப்படித்தான்: புது அழைப்பை அனுப்பாதே, நடப்பதை முடிய விடு, பிறகு மூடு. நிரலில் அந்தப் பகுதியை எழுதியவளே நான்தான். என் கண்முன்னே ஒரு மனிதர் அதைச் செய்தபோது, அண்ணைக்கு வயது போகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு திங்கட்கிழமை அவருடைய கதிரை வெறுமையாக இருந்தது. முல்லைத்தீவில் ஒரு மீனவர் சங்கத்துக்குப் போய்விட்டாராம். அங்கே ஒரு மேசையோடு தொடங்குகிறாராம்.

அன்றைக்குக் கரண்ட் போய்ப் போய் வந்தது. நிலையங்கள் பொறுத்துப் பொறுத்து வந்தன. ஒரு சேர்வரும் விழவில்லை, ஒரு கணக்கும் பிசகவில்லை. அவர் விரும்பியது அதைத்தான். இருந்தாலும், அவரைக் கூப்பிடுவதற்காகவாவது அந்த ஒரு நாளில் ஏதாவது ஒன்று பழுதாகியிருக்கலாம்.