ஓவருக்கு ஆறு பந்து

சேலையூர்,
வியாழன் மாலை

அன்புள்ள சாலமோன் அண்ணனுக்கு,

ஜான்சி எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். அண்ணியின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். ஒரு கேள்வி: எல்லாக் கணக்கையும் ஒரே முறையில், கொஞ்சமும் பிசகாமல் தப்பாகப் போடும் பிள்ளைக்குக் கணக்குத் தெரியுமா, தெரியாதா? எம்.எஸ்ஸி. கணிதம் படித்த எனக்குத் தெரியவில்லை.

எழில் காலாண்டுத் தேர்வில் கணக்கில் கோட்டைவிட்டதும், மறுதேர்வில் தேறாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் மேட்ச் கிடையாது என்று பள்ளிக்கூடத்தில் சொன்னதும் உங்களுக்குத் தெரியும். "விளையாட்டை வெச்சே கணக்கு சொல்லிக் குடு, இப்ப எல்லா ஊர்லயும் அப்படித்தான்" என்று போனில் சொன்னது நீங்கள்தான். எனக்கு நம்பிக்கையில்லை. ஆனாலும் பி.டி. மாஸ்டர் ஜெபராஜிடம் கேட்டேன், அவரும் ஒரு வாரம் ஸ்கோர் புத்தகத்தை வைத்துப் புள்ளி வைத்த எண்களைக் கூட்டச் சொல்லிக்கொடுத்தார், நேற்று எழுதினாள், இன்று கணக்கு டீச்சர் ஞானம்மாள் என்னை வரச்சொல்லி விடைத்தாளை நீட்டினார். 3.4-ஐயும் 2.5-ஐயும் கூட்டினால் 6.3 என்று எழுதியிருக்கிறாள். மூன்று ஓவர் நாலு பந்து, இரண்டு ஓவர் ஐந்து பந்து. நான் அங்கேயே நின்று விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன், அண்ணா, சரியாகத்தான் வருகிறது. 5.8 வந்த இடத்தில் கூட்டவே இல்லை. "ஓவருக்கு ஆறு பந்துதான். கேள்வி தப்பு" என்று எழுதிவைத்திருக்கிறாள்.

"நான் பேப்பர் திருத்தறேனா, உங்க பொண்ணு என் கேள்வியத் திருத்தறாளான்னே தெரியல மேடம்" என்றார் ஞானம்மாள்.

ஜெபராஜ் எட்டிப் பார்த்தார். "இன்னா மிஸ், எல்லாம் கரெக்டாத்தானே கீது?"

"நீங்க சும்மா இருங்க சார்! நாளைக்குக் கடைசியா ஒரு தடவ எழுதட்டும்."

வீட்டுக்கு வந்து, புள்ளிக்கு அப்புறம் ஒன்பது வரைக்கும் போகலாம் என்று விளக்கினேன். "அம்பயர் ஒத்துப்பாராம்மா?" என்கிறாள். எந்த அம்பயர் என்று கத்தினேன். கத்திய வேகத்திலேயே ஜெபராஜுக்குப் போன் செய்து, டீமிலிருந்து அவள் பெயரை எடுத்துவிடச் சொன்னேன். மேட்ச் நினைப்பு போனால் படிப்பாள் என்றுதான். அதிலிருந்து என்னோடு பேசவில்லை. குரோம்பேட்டையில் டியூஷனுக்கும் சொல்லியாயிற்று. இனி விளையாட்டு வேறு, கணக்கு வேறு. இதில் மாற்றமில்லை.

அண்ணிக்கு என் அன்பு. கர்த்தர் உங்களை எல்லாத் தீங்குக்கும், எங்களை உங்கள் யோசனைகளுக்கும் விலக்கிக் காப்பாராக.

தங்கை,
ஜான்சி

பி.கு.: வெள்ளி மாலை. கடிதத்தை இன்னும் தபாலில் போடவில்லை. இன்று தேர்வு தொடங்கும் முன் எழில் எழுந்து, "மிஸ், இது ஓவரா, சாதா நம்பரா?" என்று கேட்டாளாம். "சாதா" என்றாராம் ஞானம்மாள். பத்துக்குப் பத்து. பதறிப்போய் ஜெபராஜுக்குப் போன் செய்தேன். "பேரு லிஸ்ட்லயேதான் கீது மேடம். கோவத்துல சொல்றீங்கன்னு உட்டுட்டேன்" என்றார். டியூஷனை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எழிலும் பேசிவிட்டாள். "எம்.எஸ்ஸி. படிச்சிருக்க, ஓவரா சாதாவான்னு நீயாவது கேட்டிருக்கலாம்லம்மா?" அவ்வளவுதான் பேசினாள்.