செவலைக்குக் கட்டிய வத்தல் மாலை

எனக்குப் பொறாமை உண்டு. கூச்சமும் உண்டு. இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தால் சண்டை வராது, வயிறுதான் எரியும். கல்யாணமான முதல் வருஷம் எனக்கு எரிந்த எரிச்சலில் ஒரு பானைப் பொங்கலே வைத்திருக்கலாம்.

காரணம் என் ஓரகத்தி, அந்த வீட்டு மூத்த மருமகள் செல்வியக்கா. கெட்டவராக இருந்தால் நிம்மதியாகப் போயிருக்கும். நல்லவர். அவர் கோலம் போட்டால் தெருவில் வருகிறவர்கள் சைக்கிளை விட்டு இறங்கி ஓரமாகத் தள்ளிக்கொண்டு போவார்கள். (என் கோலத்தின் மேல் மணி அடித்துக்கொண்டே ஏற்றிப் போவார்கள்.)

அது இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த சமயம். எந்த நாள் பஸ் ஓடும், எந்த நாள் ரோட்டில் மரம் கிடக்கும் என்று யாருக்கும் தெரியாது. மாட்டுப் பொங்கலன்று மாட்டின் கழுத்தில் கட்டுகிற நெட்டி மாலை, ரிஷிவந்தியம் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்குக் கள்ளக்குறிச்சியிலிருந்துதான் வர வேண்டும். அந்த வருஷம் வரவில்லை.

"தோட்டத்துல காய் கெடக்குது அத்த. காய வெச்சு மாலையாக் கட்டிக்கலாம்" என்றார் செல்வியக்கா. சுரைக்காயை மெல்லிய வில்லைகளாக அரிந்தார். முற்றி வெடித்துப் பூப்போல விரிந்த வெண்டைக்காய்களைப் பறித்தார். முற்றிக் காய்ந்த பீர்க்கங்காயின் நார்க்கூட்டை வளையம் வளையமாக வெட்டிச் சாயத்தில் முக்கினார். எல்லாம் வெயிலில் காய்ந்ததும் கோத்துத் திண்ணைச் சுவரில் மாட்டினார். பார்க்க வந்தவர்கள் வீட்டுக்குத் திரும்பிப் போக மறந்தார்கள்.

"இதுக்கு முன்னால நெட்டி மாலைலாம் இன்னாத்துக்கு" என்றார் மாமியார்.

"அண்ணி கை பட்டா கத்திரிக்காயும் நகையாயிடும்" என்றார் என் கணவர். (தாலி கட்டி எட்டு மாதம் ஆகியிருந்தது. என் கையைப் பற்றி அவர் அதுவரை ஒன்றுமே சொன்னதில்லை.)

எங்களிடம் ஜோடிக் காளைகள் இருந்தன, வெள்ளையும் செவலையும். அக்காவின் மாலை வெள்ளைக்கு என்று முடிவானதும், "செவலைக்கு நான் கட்றேன்" என்றேன். அந்த வீட்டில் நான் அவ்வளவு சத்தமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. மாட்டுப் பொங்கலன்று தியாகதுருகம் பக்கத்திலிருந்து என் அப்பா சீர் கொண்டு வருவதாக இருந்தது. உங்கள் பெண் கெட்டிக்காரி என்று நாலு பேர் சொல்லி அவர் காதில் விழ வேண்டும். காயில் மாலை கட்டப்போகிறேன் என்று அவருக்குச் சொல்லியும் அனுப்பிவிட்டேன்.

பாகற்காயைச் சக்கரம் சக்கரமாக அரிந்தேன். எங்கள் அம்மா வீட்டில் காயைக் காய வைப்பதென்றால் வத்தல் போடுவதுதான். மோரில் உப்புப் போட்டு ஊற வைத்து வெயிலில் பரப்ப வேண்டும். அலங்காரத்துக்குக் காய வைப்பது வேறு சங்கதி என்று எனக்குத் தோன்றவே இல்லை. பூச்சி பிடிக்கக்கூடாதென்று இன்னொரு கை உப்பையும் அள்ளிப் போட்டேன். காய்ந்ததும் உப்புப் பூத்து, ஜரிகை வைத்தது போல மினுமினுத்தது. அக்காவின் மாலையில் இது இல்லையே என்று தனியாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டேன்.

மாட்டுப் பொங்கல் சாயங்காலம், குளித்துக் கொம்புக்கு வண்ணம் பூசிக்கொண்ட ஊர் மாடுகளெல்லாம் மாரியம்மன் கோயில் முன்னால் வந்து நின்றன.

"சின்ன மருமக கட்னதா? ஜிகினா மாரி மின்னுதே" என்றது ஒரு குரல். எனக்குக் கால் தரையில் இல்லை.

அப்போது வெள்ளை, செவலையின் கழுத்தை நக்கியது.

"பாசத்தப் பாரு" என்றார் மாமியார்.

பாசம் மறுபடி நக்கியது. அப்புறம் பல்லால் பிடித்து இழுத்து நறுக்கென்று மென்றது. பக்கத்து வீட்டு எருமை மூக்கை நீட்டிக்கொண்டு வந்தது. அதன் பின்னால் இன்னும் நாலைந்து மாடுகள். செவலை மிரண்டு, கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. வெள்ளை அதன் பின்னால், மற்ற மாடுகள் வெள்ளையின் பின்னால், ஊர் ஆண்கள் எல்லாவற்றுக்கும் பின்னால். எதிரே சைக்கிளில் கரும்பைக் கட்டிக்கொண்டு வந்த என் அப்பா, சைக்கிளைப் போட்டுவிட்டுக் கோயில் மதில்மேல் ஏறி நின்றார். (சம்பந்தி வீட்டில் அவருக்குக் கிடைத்த வரவேற்பு அது.)

ஒருவழியாக இரண்டு காளைகளையும் பிடித்துக்கொண்டு வந்த கணவர், மூச்சு வாங்கியபடி கேட்டார்.

"இன்னாத்தப் போட்டுக் கட்டின?"

"மோரும் உப்பும்."

"மொளகா போடலியா?"

அப்பா மதிலிலிருந்து இறங்கி, வேட்டியைத் தட்டிக்கொண்டு வந்தார். "எதும்மா நீ கட்ன மாலை?"

செவலையின் கழுத்தில் வெறும் நூல் தொங்கியது. வெள்ளையின் கழுத்தில் அக்காவின் மாலை ஒரு வில்லைகூட உதிராமல் இருந்தது. என் விரல் தானாக வெள்ளையைக் காட்டியது.

மாமியார் வாயைத் திறந்தார். அதற்குள் செல்வியக்கா முந்திக்கொண்டார். "ஆமாங்க சித்தப்பா. அவதான் கட்னா. நமக்கு இதெல்லாம் எங்க வருது."

அப்பா பூரித்துப் போனார். எனக்கு அழுகை வந்தது. நன்றியில் வந்த அழுகை என்று எழுதத்தான் ஆசை. உண்மையில், பெருந்தன்மையிலும் இவரே முதலாக வந்துவிட்டாரே என்ற ஆற்றாமை.

அப்பா தன் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். அதன் பலனை முப்பது வருஷத்துக்கு மேலாக அனுபவிக்கிறேன். அந்தப் பக்கத்தில் காதுகுத்தோ கல்யாணமோ என்றால், "காய் மாலை நீதான் கட்டித் தரணும்" என்று இன்றைக்கும் ஆள் வருகிறது. நான் சரி என்று தலையாட்டிவிட்டு, மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு அக்கா முன்னால் போய் நிற்பேன். அவர் ஒன்றும் கேட்காமல் சுரைக்காயை எடுத்துக்கொண்டு உட்காருவார். அப்புறம் வீட்டில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, ஒன்றே ஒன்று கேட்பார்.

"பாக்கறதுக்கா, மாடு துன்றதுக்கா?"