ஞாயிற்றுக்கிழமை மூடி

திருவண்ணாமலையில் மலையை ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்காமல் பதினான்கு கிலோமீட்டரும் கிரிவலம் வந்த ஒரே பிறவி எங்கள் மூடியாகத்தான் இருக்கும். பௌர்ணமிக்கு மறுநாள் காலையில், கையில் சாக்குப்பையோடு, தரையைப் பார்த்தபடியே நடப்பாள். முந்தின நாள் கூட்டம் தண்ணீர் குடித்துவிட்டுப் போட்டதெல்லாம் பாதையெங்கும் கிடக்கும். பாட்டில் பொறுக்குகிறவர்கள் உண்டு. மூடியை மட்டும் பொறுக்கியவள் அவள்தான்; நாங்கள் வைத்த பெயரும் அதனால்தான்.

வேங்கிக்கால் பக்கம் ஒரு மகளிர் விடுதியில் அவளும் நானும் ஒரே அறை. அவள் மெக்கானிக்கல், நான் கணிதம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போன முதல் ஆள் நான். இதை நான் சொல்லும்போதெல்லாம் அவள் சுவரில் பென்சிலால் ஒரு கோடு போடுவாள். மூன்றே வருடத்தில் என் பக்கச் சுவர் நிறைந்துவிட்டது. அதற்காக நான் நிறுத்திவிடவில்லை. இதோ, உங்களிடமும் சொல்லியாயிற்று.

என் அம்மாவுக்கு ஆரணி பக்கம் ஒரு ரைஸ்மில்லில் தவிடு கூட்டுகிற வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தூக்குச்சட்டியில் புளிசாதத்தோடு என்னைப் பார்க்க வந்தவள், உட்கார்ந்த ஐந்து நிமிடத்தில் நான்கு முறை இருமினாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். மூடி மட்டும் நேராகக் கேட்டாள்.

"ஆன்ட்டி, காலைல துப்புனா இன்னா கலர்ல வருது?"

"தவிட்டுக் கலர்லதான் பாப்பா. மில்லுல எல்லாருக்கும் அப்டித்தான்."

"மூக்குல இன்னா கட்டுவீங்க?"

"முந்தானைதான். குனிஞ்சு கூட்டுறப்போ அது எங்க நிக்குது?"

மூடி அன்று சாப்பிட மறந்துபோனாள். அது அவளுக்குப் புதிதில்லை. சாக்குப்பையோடு கிளம்ப ஆரம்பித்ததுதான் புதிது.

அவள் திட்டம் எளிமையானது. பாட்டிலின் கழுத்தை அறுத்து ரப்பர் மாஸ்க்கில் ஒட்டுவது. மூடியில் ஊசியால் துளைகள் போடுவது. மருந்துக்கடை மாஸ்க்கைப் பிரித்து, அதன் நடு அடுக்கை வட்டமாக வெட்டி மூடிக்குள் வைத்துத் திருகுவது. அழுக்கானால் கழற்றி, வட்டத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வைத்துக்கொள்ளலாம். "எந்த ஊருக்குப் போனாலும் இந்த மூடி கெடைக்கும்டி. கெடைக்காத ஊர்ல மனுசனே இருக்கமாட்டான்" என்பாள்.

ஒரு மூடி வைத்தாள், மூச்சு முட்டியது. நான்கு வைத்தாள், மூச்சு வந்தது. ஆனால் மாஸ்க்கின் பாரத்தில் தலை குனிந்தே இருந்தது. அதை மாட்டிக்கொண்டு அடி அண்ணாமலை அருகே ஒரு மரத்தடியில் கண்ணை மூடி உட்கார்ந்து மூச்சை எண்ணிக்கொண்டிருந்தாள். கண்ணைத் திறந்து பார்த்தால், முன்னால் இரண்டு சீப்பு வாழைப்பழம். வெளியூர்க் குடும்பம் ஒன்று கைகூப்பி நிற்கிறது.

"அம்மா, புள்ளைக்கு வேலை கெடைக்கணும், ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா."

"காத்து வரல. கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றாள் மூடி.

நான்கடி தள்ளிப் போய், அங்கிருந்தே விழுந்து கும்பிட்டார்கள். பழத்தை விடுதி முழுக்கச் சாப்பிட்டோம்.

பிறகு மெஸ்ஸில் மிளகாய் வறுக்கும் நேரத்தில் சோதனை. விடுதியே இருமிக்கொண்டு வாசலுக்கு ஓட, இவள் மட்டும் வாணலி பக்கத்தில் நின்றாள். கண்ணிலிருந்து தாரைதாரையாகத் தண்ணீர்.

"வேலை செய்யலையாடி?"

"மூக்குல ஒண்ணுமே தெரியல. கண்ணுக்குத் தனியாத்தான் செய்யணும்."

கல்லூரி விழாவுக்கு நான்தான் அவளுக்குப் புடவை கட்டிவிட்டேன். கொசுவம் மடிக்கும்போது சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இவ்ளோ துணியும் ஒரு கைக்குள்ள அடங்குதே!" விழாவுக்கு வரவில்லை. பாவாடையோடு தரையில் உட்கார்ந்து வட்டங்களைக் கொசுவமாக மடித்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் இடத்தில் நிறையத் துணி. நான்கு மூடி இரண்டானது, மாஸ்க் கைக்கு அடக்கமானது.

அம்மாவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தோம். வாரம் ஒருமுறை மாற்றச் சொல்லி ஒரு பொட்டலம் ஃபில்டரும் கொடுத்தோம். அடுத்த மாதம் போனால் பொட்டலம் பிரிக்கப்படவே இல்லை. கொடியில் ஜாக்கெட்டுக்குப் பக்கத்தில், கிளிப் போட்டு, இரண்டு ஃபில்டர்கள் வெயில் காய்ந்துகொண்டிருந்தன.

"அலசிப் போட்டா புதுசாட்டம் ஆயிடுது பாப்பா. இதப் போய்த் தூக்கிப் போடச் சொல்றியே."

"அலசக் கூடாது ஆன்ட்டி. துணில கரண்ட் மாதிரி ஒண்ணு இருக்கு. அதான் தூசிய இழுத்துப் புடிக்குது. அலசுனா போயிடும்."

"மூஞ்சிலயா கரண்ட்டு?" என்றாள் அம்மா. அதன் பிறகு இரண்டு வாரம் மாஸ்க்கையே தொடவில்லை. இருமல் பழையபடி ராத்திரி பகலாய்க் கேட்டது. நான் அம்மாவிடம் கத்தினேன். மூடி கத்தவில்லை. எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கிய தினசரி காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க அம்மா எதையாவது தூக்கிப் போட்டுப் பாத்திருக்கியா?"

"இல்ல."

"நான் பாத்தேன். காலைல எழுந்ததும் தேதிய கிழிச்சுக் கசக்கி எறிஞ்சாங்க."

அடுத்த முறை வந்தபோது புதுக் காலண்டர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அது எட்டு மாதக் கர்ப்பிணி மாதிரி இருந்தது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமைத் தாளிலும் ஒரு சின்னக் காகித உறை. அதற்குள் இரண்டு ஃபில்டர், மூடிமேல் ஒட்ட அந்தத் தேதி எழுதிய வட்டச் சீட்டு. அம்மாவுக்கு எழுத்து தெரியாது. பஸ் நம்பர் பார்த்துப் பார்த்து எண் தெரியும்.

ஒரு திங்கட்கிழமை அம்மா பழையதையே மாட்டிக்கொண்டு போனாளாம். மில்லில் ஒருத்தி விடவில்லை. "இன்னாக்கா, எங்களுக்கெல்லாம் இருபத்திரண்டு ஆயிடுச்சு. உனக்கு மட்டும் இன்னும் பதினாலாந்தேதியே முடியலையா?"

அம்மா வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகத் தேதியைக் கிழித்தாள். அன்று முதல் கொடியில் ஜாக்கெட் மட்டும்தான் காய்கிறது. இருமல் மெல்ல மெல்லக் கம்மியானது. கேலி செய்தவளே பிறகு, "எனக்கும் ஒரு காலண்டர் வேணும்" என்று கேட்டு அனுப்பினாள்.

மூடி இப்போது ஓசூரில் ஒரு கம்பெனியில் இருக்கிறாள். வருடா வருடம் கர்ப்பிணிக் காலண்டர்கள் தபாலில் வந்துவிடுகின்றன. ஞாயிற்றுக்கிழமை தாளைக் கிழித்த கையோடு அம்மா சொல்வாள்: "அந்தப் பொண்ணு சாப்டுச்சான்னு கேளு."

நான் போன் போடுவேன். எடுத்ததும், "ஆன்ட்டி மாத்திட்டாங்களா?" என்பாள்.

"மாத்திட்டாங்க. நீ சாப்டியா?"

"மணி இன்னாடி ஆச்சு?" என்பாள். சாப்பாடு என்று ஒன்று இருப்பதையே அப்போதுதான் நினைத்துப் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

"சாப்டுட்டாளாம்மா" என்பேன், அம்மா பக்கம் திரும்பி. பிறகு போனைக் காதில் வைத்துக்கொண்டே, அவள் எழுந்துபோய்த் தட்டு எடுக்கும் சத்தம் கேட்கும்வரை காத்திருப்பேன்.