பதினோராவது தட்டில் வந்த ஆமை

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்பார்கள். (அமீனா என்றால் கோர்ட்டிலிருந்து ஜப்தி செய்ய வருகிறவர்.) மலேசியாவில், கிள்ளானில் எங்கள் வீட்டுக்குள் இரண்டும் ஒரே ஞாயிற்றுக்கிழமை காலையில் புகுந்தன, அதுவும் என் தங்கை வாணியின் நிச்சயதார்த்தத்தன்று. இரண்டையும் வருந்தி அழைத்த பெருமை அடியேனையே சேரும்.

அப்போது எனக்கு வயது இருபத்தாறு. புத்திக்கு ஆறு. ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு கார் பார்க்கில் ஒருவன் ஷூ பெட்டியைத் திறந்து காட்டினான். உள்ளே ஒரு குட்டி ஆமை. கறுப்பு ஓட்டில் மஞ்சள் கோடுகள், கட்டத்துக்குக் கட்டம் ஒரு நட்சத்திரம். "இந்தியாவுல இருந்து வந்தது, பாஸ். லைசென்ஸ் பிறகு வாட்ஸ்அப்ல அனுப்புறேன் லா" என்றான். நம்பினேன். (லைசென்ஸ் வாட்ஸ்அப்பில் வராது என்பதை இளைய தலைமுறைக்குத் தெரிவித்துக்கொள்கிறேன்.)

அம்மாவுக்குத் தெரிந்தால் ஆமைக்கு முன்னால் நான் தெருவுக்கு வந்துவிடுவேன். அதனால் என் அறையிலேயே ஒளித்து வளர்த்தேன். பாவி ஆமை எதையும் தின்னவில்லை. கீரையை நீட்டினால் தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. பதறிப்போய் ஃபேஸ்புக் குழு ஒன்றில் படத்தைப் போட்டு, யாராவது வந்து பார்க்க முடியுமா என்று கேட்டேன். ஒரு புண்ணியவதி உடனே பதில் போட்டார்: "ஞாயிறு காலை வரலாமா? லொக்கேஷன் அனுப்புங்க." அனுப்பினேன். கூடவே இரண்டு கும்பிடும் அனுப்பினேன். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வதில் எனக்கு அப்படி ஒரு கைராசி. அந்த ஞாயிறுதான் நிச்சயதார்த்தம் என்பது அப்போது சுத்தமாக மறந்துபோயிருந்தது. அது நினைவுக்கு வந்தபோது இவரை வரச் சொன்னது மறந்துபோனது.

மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுக்க வேண்டிய சீர்த்தட்டுகளை முதல் நாளே என் அறையில் அடுக்கிவிட்டார்கள். ஒவ்வொரு தட்டின் மேலும் ஒரு சிவப்புத் துணி. ஆமையை எங்கே ஒளிப்பது? அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. (அது வேலை செய்த நாட்களில்தான் எங்கள் குடும்பத்துக்குச் சேதம் அதிகம்.) ஆமையை ஒரு பழக்கூடையில் வைத்து, அதே சிவப்புத் துணியைப் போர்த்தி, தட்டுகளுக்குப் பின்னால் தள்ளிவிட்டேன். தட்டோடு தட்டாக இருந்தால் யார் கவனிக்கப்போகிறார்கள்?

சீர்த்தட்டு ஒற்றைப்படையில் இருக்க வேண்டும். சபையில் வைத்த பிறகு அம்மா எண்ணிப் பார்த்தால் பத்துதான் இருந்தது. "ஐயையோ, ஒண்ணு கொறையுதே!" என்று என் அறைக்கு ஓடினார். சிவப்புத் துணி போர்த்திய கூடை ஒன்று மிச்சமிருந்தது. பிரித்துப் பார்க்க நேரமில்லாமல், ஓரத்தில் இரண்டு வெற்றிலையைச் செருகித் தூக்கிக்கொண்டு வந்து வைத்துவிட்டார். நான் அப்போது வாசலில் நின்று ஐஸ் இறக்கிக்கொண்டிருந்தேன்.

மாப்பிள்ளையின் அம்மா பாக்கியம் ஆன்டி, மூடியிருக்கும் எதையும் திறந்து பார்க்காமல் நகராதவர். "இது என்ன பழம் சம்பந்தி, துணி அசையுது?" என்று கூடைத் துணியைத் தூக்கினார். ஆமை தலையை நீட்டி அவரைப் பார்த்தது. வாயில் பாதி வெற்றிலை. என் கீரையைத் தொடாத அந்தச் சனியன் சபையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தது.

மாப்பிள்ளை வீட்டார் பக்கமிருந்து யாரோ "ஆமை புகுந்த வீடு..." என்று ஆரம்பித்தார்கள். ஐஸோடு உள்ளே நுழைந்த என்னை வாணி பார்த்தாள். நாலு வருஷம் காத்திருந்து, இரண்டு வீட்டாரையும் கெஞ்சி, இந்த நாளைக் கொண்டுவந்தவள் அவள்.

"வணக்கம். ஆமையைப் பார்க்க வரச் சொன்னது யாருங்க?"

வாசலில் சீருடையோடு ஒரு பெண். நம் தமிழ்ப் பெண்தான். வனவிலங்கு இலாகா அதிகாரி. என் கும்பிடுகளை வாங்கிக்கொண்ட அதே புண்ணியவதி. ஆக, பழமொழியின் மறுபாதியும் நேரத்துக்கு வந்து சேர்ந்தது. அனுமதி இல்லாமல் வைத்திருப்பது குற்றம், ஆமையைப் பறிமுதல் செய்கிறோம் என்றார். அம்மா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

பாக்கியம் ஆன்டி கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். போச்சு, எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். வாசல்வரை போனவர் நின்றார்.

"எடுத்துட்டுப் போயி இத என்ன செய்வீங்க?"

"கேஸ் முடியிற வரைக்கும் எங்க சென்டர்ல இருக்கும், ஆன்டி."

"பொறவு?"

"அதுதான் பெரிய பிரச்சினை."

பாக்கியம் ஆன்டி கைப்பையைக் கீழே வைத்தார். "ஏன், ஏதாவது கோயில் கொளத்துல விட்டுறலாம்ல?"

"இது தரை ஆமை, ஆன்டி. தண்ணியில விட்டா முங்கிடும்."

"அப்ப காட்டுல விடுங்க" என்றார் மாப்பிள்ளை.

"இது நம்ம ஊரு ஆமை இல்ல, அண்ணே. இதுக்கு ஏதாச்சும் நோய் இருந்தா இங்க உள்ளதுக்கும் ஒட்டிக்கும். ஜூவுலயும் இடம் இல்ல."

"சொந்த ஊருக்கே அனுப்பிடலாமே! அடுத்த மாசம் நான் திருச்சி போறேன். கைப்பையில வச்சு..."

"ஆன்டி, அப்படித்தான் இது இங்க வந்துச்சு."

சபையே அதிகாரியைச் சுற்றி உட்கார்ந்துவிட்டது. யாரோ அவருக்குக் கேசரி கொடுத்தார்கள். யாரும் எடுத்துக்கொள்ளாவிட்டால் கொன்றுவிடுவீர்களா என்று வாணி கேட்டாள். தன் நிச்சயதார்த்தம் அந்தரத்தில் தொங்கும்போது கேட்டாள்! "அந்த நெலம வரக் கூடாதுன்னுதான் ஓடிக்கிட்டு இருக்கோம்" என்றார் அதிகாரி. ஊருக்கு அனுப்பத்தான் பார்ப்பார்களாம். ஆனால் எந்தக் காட்டில் பிடித்தது என்று தெரிய வேண்டும், இரண்டு நாடும் பேப்பர் கொடுக்க வேண்டும். அது எப்போது என்று யாராலும் சொல்ல முடியாதாம்.

மூலையில் உட்கார்ந்திருந்த எங்கள் பெரியப்பா தொண்டையைச் செருமினார். ரப்பர் தோட்டத்தில் பிறந்து, பிறப்புப் பத்திரம் இல்லாமல், பிறந்த நாட்டிலேயே குடியுரிமைக்கு மனுப் போட்டுப் போட்டு அலுத்தவர் அவர். (ஐசி என்றால் அடையாள அட்டை: குடிமக்களுக்கு நீலம், குடியுரிமை இல்லாமல் தங்கியிருப்பவர்களுக்குச் சிவப்பு.)

"இங்க இருக்கவும் முடியாது, அங்க போகவும் பேப்பர் இல்ல. அப்ப எனக்குக் கொடுத்த மாதிரி அதுக்கும் ஒரு செவப்பு ஐசி கொடுத்துருங்க, மிஸ்."

முதலில் சிரித்தது பாக்கியம் ஆன்டிதான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு தீர்ப்பும் சொன்னார்: "ஆமையும் வந்துச்சு, அமீனாவும் வந்தாச்சு. ரெண்டும் ஒண்ணாவே வெளிய போகுது. இனி இந்த வீட்டுக்கு என்னா கொற? தட்ட மாத்துங்க!"

"தட்டு பத்துதான சம்பந்தி இருக்கு" என்று அழுதார் அம்மா. ஆமைக்காக நான் வாங்கி வைத்திருந்த வெள்ளரிக்காய்கள் பதினோராவது தட்டில் ஏறின.

அபராதம் கட்டினேன். தினமும் இரண்டு வேளை அம்மாவிடம் திட்டு வாங்கினேன். வாணிக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். இரண்டுக்கும் நான் ஆமை மாமா. ஒவ்வொரு தீபாவளிக்கும் பாக்கியம் ஆன்டி முறுக்கை நீட்டுமுன் கேட்பது ஒன்றுதான்: "ஆமைக்கு விசா வந்துருச்சா?" நான் அந்த அதிகாரிக்குப் போன் போடுவேன். "இன்னும் இல்ல, அண்ணே. ஆனா நல்லா சாப்பிடுது" என்பார்.

போன வருஷம் பெரியப்பாவுக்கு நீல ஐசி கிடைத்தது. எல்லோரும் கூடிக் கேக் வெட்டினோம். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர் என்னைக் கூப்பிட்டு, "அந்த ஆமைக்கு ஏதும் பதில் வந்துச்சாடா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

"பரவால்ல. அதுக்கு ஆயுசு கெட்டி, காத்துக்கிட்டு இருக்கும். மனுசனாலதான் முடியாது" என்றார்.

எல்லோரும் சிரித்தோம். பெரியப்பா ஐசியைச் சட்டைப் பையில் வைத்து, பொத்தானைப் போட்டுக்கொண்டார்.