டிஸ்அக்ரீ சொல்லிவிட்டு இலையில் உட்கார்ந்தேன்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தயங்கினேன். பேரன் பேத்தி எடுத்தாயிற்று, இனி மானம் போனால் போகட்டும் என்று முருகன் மேல் பாரத்தைப் போட்டு எழுதுகிறேன்.

அப்போது யுத்தகாலம். புதுக்கோட்டைக்கும் பொன்னமராவதிக்கும் ஓடிய கரி பஸ்ஸில் (பெட்ரோல் தட்டுப்பாட்டால் கரியை எரித்து ஓட்டியது) நான் கண்டக்டர். என் இங்கிலீஷ் டிக்கெட்டில் அச்சடித்த அளவுக்குத்தான். ஒரு நாள் ஏறிய இரண்டு வக்கீல்கள் வழி முழுக்க "ஐ டிஸ்அக்ரீ" என்று மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார்கள். அடிதடி ஆகிவிடுமோ என்று விசிலை வாயைவிட்டு எடுக்கவில்லை. கரி போட பஸ் நின்றபோது பார்த்தால், இருவரும் ஒரே தூக்குச்சட்டியில் புளியோதரை சாப்பிடுகிறார்கள்!

"அப்படின்னா என்னங்க அர்த்தம்?"

"அவர் சொல்றத நான் ஒத்துக்கலன்னு அர்த்தம்" என்றார் ஒருவர்.

"கோவம் இல்லீங்களா?"

"கோவம் எதுக்கு? இந்தா, நீயும் ஒரு வாய் சாப்பிடு."

எனக்குத் தலை சுற்றியது. எங்கள் பக்கத்தில் ஒத்துக்கொள்ளாதவன் அந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டான். பெண் பார்க்கிற இடத்தில் இன்னும் கறார். கை நனைத்தால் சம்மதம். நனைக்காமல் எழுந்தால் சம்பந்தம் முறிந்தது. மறுத்த வாயாலேயே சாப்பிடவும் விடுகிறதே, என்ன மரியாதையான வார்த்தை என்று மனசில் முடிந்துவைத்துக்கொண்டேன்.

அந்த மாசமே எனக்குப் பெண் பார்த்தார்கள். பெயர் வள்ளியம்மை. பார்த்ததும் பிடித்துவிட்டது (அவள் என்னைப் பார்த்தாளா என்பது இன்றுவரை தெரியாது). எல்லாம் பேசி முடிந்து இலையும் போட்டாயிற்று. அப்போது பெண்ணின் அப்பா, "வைகாசிலயே முடிச்சிருவோம்" என்றார். என் அப்பாவும் தலையாட்டிவிட்டார்.

வைகாசி விசாகத்துக்கு விராலிமலைக்குக் காவடி நேர்ந்திருந்தேன். விரதத்தை வைத்துக்கொண்டு தாலி கட்டுவதா? மாமனாராகப் போகிறவரிடம் "முடியாது" என்று தமிழில் எப்படிச் சொல்வது? பவ்யமாக எழுந்து கைகூப்பி, "ஐ டிஸ்அக்ரீ மாமா" என்றேன்.

பெண்ணின் சித்தப்பாவுக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும். "சம்மதம் இல்லங்கிறாரு" என்று அர்த்தம் சொல்லிவிட்டார். என் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு நடந்தார். நான்? வக்கீல்களை நினைத்துக்கொண்டு இலையில் உட்கார்ந்து வடையைப் பிட்டேன்.

பெண்ணின் ஆத்தா சாம்பார் வாளியோடு நின்றார். "ஊத்தவா, வேணாமா?"

"கை நனைச்சிட்டாருல்ல, சம்மதந்தான்" என்றார் சித்தப்பா.

"வாய் வேணாங்குது, கை வேணுங்குது. எதத்தாம்ப்பா நம்புறது?" என்று மாமனார் தலையில் கை வைத்தார்.

சாம்பார் ஏன் வரவில்லை என்று நான் விழித்துக்கொண்டிருந்தேன். வாசலிலிருந்து அப்பா, "எந்திரிச்சு வாடா, மானத்த வாங்காத!" என்று கத்திய பிறகுதான் உறைத்தது. வள்ளியம்மை கைவிட்டுப் போகிறாள்! வாய் நிறைய வடை. துப்பினால் மரியாதை இல்லை, விழுங்கவும் முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

உள்ளேயிருந்து ஒரு குரல்: "எதுக்குச் சம்மதம் இல்லன்னு கேளுங்கப்பா."

வள்ளியம்மைதான். அத்தனை பேரில் அவளுக்கு மட்டும் அதைக் கேட்கத் தோன்றியது.

முருகா என்று விழுங்கிவிட்டு, "வைகாசிக்குத்தாங்க! பொண்ணுக்கு இல்லீங்க! காவடி நேந்திருக்கேன்!" என்று அலறினேன்.

"இதத் தமிழ்லயே சொல்லித் தொலைச்சா என்ன மாப்ள?" என்றார் மாமனார். சாம்பார் வந்தது.

ஆனியில் கல்யாணம். ஆனால் என் மச்சினன் இன்றுவரை, "எங்க அக்கா வேணாம், வடை போதும்னாரு மாமா" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறான். வள்ளியம்மையும் கோபம் வந்தால், "என்னைய வேணாம்னவருதான" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். ஆகையால் வாசிக்கிறவர்கள் தயவுசெய்து நான் சொன்னபடியே நாலு பேரிடம் சொல்லுங்கள். நான் ஒத்துக்கொள்ளாதது அந்த மாசத்தை மட்டுந்தான்.